கழித்துப் போட்டது

டிரோம்சோவில் நவம்பர் இருபத்தொன்றுக்குப் பிறகு
சூரியனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
இரண்டாம் மாடியில் என் மேசை.
நீரிணையின் அடியில் பதினொரு ஒலிவாங்கிகள்.
அவை கேட்பதையெல்லாம் நான் சலிக்கிறேன்.

சலிப்பதென்றால் இவ்வளவுதான்:
படகின் உந்துவிசிறி, இழுவலையின் சங்கிலி,
மழை, பனி நொறுங்கல்,
பெயரில்லாத ஏதோ ஒன்றின் முனகல்
எல்லாவற்றையும் கழித்தால்
மிஞ்சுவது துடுப்புத் திமிங்கிலத்தின் குரல்.
நொடிக்கு இருபது அதிர்வு.
பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால்தான் நம் காதுக்கு எட்டும்.
எட்டும்போது
விட்டுவிட்டு யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும்.

விருந்தினர் ஜனவரியில் வந்தார், மூன்று வாரத்துக்கு.
நல்லவர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.
பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்க்க
என் மகன் யோஸ்தைனிடம் கற்றுக்கொண்டார்.
எங்கள் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைக்கூடப் படித்திருந்தார்.
கடைசி வெள்ளியன்று, காபி இயந்திரத்தருகே
கூச்சத்தோடு கேட்டார்:
"நீங்கள் கழிப்பதை எங்கே போடுகிறீர்கள்?"

காட் மீனை உலர்த்தி விற்றுவிட்டு
தலைகளைத் தனியே கோத்துக் காயவைத்து
வேறொரு கண்டத்துக்கு அனுப்பும் கரை இது.
தலையைக் கேட்பவரிடம் யார் காரணம் கேட்பது?
நான்காண்டுக் கழிவு.
கூடவே, சலிக்கும் நிரலின் பழைய பிரதி.
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டு.
இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மார்ச்சில் குன்வோர் வந்தார்.
ஆய்வுப் பாதுகாப்புக்கென்று ஓர் அறை
நூலகத்துக்குப் பின்னால் இருப்பதே அன்றுதான் தெரியும்.
ஒன்பது பக்கப் படிவம்.
என்ன கொடுத்தீர்கள்?
குப்பை.
குப்பையில் என்ன இருந்தது?
அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.
இந்தப் பக்கம்: கப்பலைக் கழித்தால் திமிங்கிலம்.
அந்தப் பக்கம் எழுதத் தொடங்கினார்:
திமிங்கிலத்தைக் கழித்தால்

முடிக்க வேண்டியிருக்கவில்லை.
விளக்கில்லாமல் கடலடியில் போகிறவை உண்டென்று
இந்தக் கரையில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.
நான் பெயரில்லாமல் விட்ட முனகலுக்கு
யாரோ எங்கோ உட்கார்ந்து
பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
விருந்தினரை அழைத்துக் கையெழுத்திட்ட பேராசிரியருக்கு
கேக் வெட்டி ஓய்வு கொடுத்தார்கள்.
அடுத்த வாரம்
அய்ஸாதாவின் நுழைவட்டை வேலை செய்யவில்லை.

கிர்கிஸ்தான்காரி. கடலே இல்லாத நாடு.
தாய்த் திமிங்கிலம் கன்றிடம் முணுமுணுப்பதை
மூன்றாண்டாக எழுதிவருகிறவள்.
ஒரு வட்டையும் ஒருவரிடமும் கொடுக்காதவள்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
அட்டையைக் கம்பளிக் கையுறையில் துடைத்துத் துடைத்து
மறுபடி வைத்துப் பார்த்தாள்.
சிவப்பு.

எனக்குப் பச்சை. அப்போதும், இப்போதும்.
இன்னொருவருக்குத் திறந்துவிடுவது விதிமீறல், பிரிவு நான்கு;
செவ்வாயன்றுதான் படித்துக் கையெழுத்திட்டிருந்தேன்.
திறந்து உள்ளே அழைத்தேன் என்று எழுத ஆசை.
வெளியே போய் அவளருகில் நின்றேன்,
மேலங்கி இல்லாமல்,
சொல்ல ஒரு வாக்கியமும் இல்லாமல்.
முதுகுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது.
"உன் அட்டை?" என்றாள்.
மேசைமேல்.
அவள் சிரித்தாள்.
நான் சிரிக்க முயன்றபோது பற்கள் அடித்துக்கொண்டன.

குன்வோரைக் குறைசொல்ல மாட்டேன்.
கதவு வேண்டும். அதற்குச் சாட்சியே நான்தான்.
அய்ஸாதாவுக்காக எழுதிய மனுவின் முதல் வரியில்
கொடுத்தது நான் என்று எழுதினேன்.
பதில் வரவில்லை. மே மாதம் வந்துவிட்டது;
அவள் நகர நூலகத்தில் அமர்ந்து
பழைய ஒலிகளை வைத்து எழுதுகிறாள்.

கழிப்பதையும் இப்போது பூட்டிவைக்கிறோம்.
எல்லோரும் போன பிறகு
எதையும் கழிக்காமல் ஒருமுறை முழுதாக ஓட்டுகிறேன்.
விசிறி. சங்கிலி. மழை.
யாரோ தட்டுகிறார்கள்.
கதவுக்கு எந்தப் பக்கத்திலிருந்து
என்றுதான் தெரியவில்லை.